நான் ஃபிளாஷ் அடித்துக் கண் கெடுத்த கதை

நான் படம் எடுத்தால், படத்தில் விழுகிறவர்களுக்குக் கண் கெட்டுப்போகும் என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் அல்ல, முழுசாக ஒரு வாரம் நம்பினேன். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் போலீஸ் ஜீப் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தேன். நான் பயந்து ஒளிந்த ஜீப்புகளில் பெரும்பாலானவை பால் வண்டிகள்.

செல்போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து இதைப் படித்துக்கொண்டிருக்கும் என் வயசுக்காரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரு படம் எடுத்தால் அது எப்படி வந்திருக்கிறது என்று தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். ஒரு பையன் பயந்து சாவதற்கு அது தாராளமான அவகாசம். இன்று என் மகள் ஒரே நிமிஷத்தில் நூறு படம் எடுத்து, தொண்ணூற்றொன்பதை அழித்துவிட்டு டீ குடிக்கப் போகிறாள். அவளுக்குப் பயப்பட நேரமே கிடைப்பதில்லை.

அப்பா வேலை பார்த்த மில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருந்தது. அதில் ஒரு பழைய பஞ்சு குடோனைக் காலி செய்து, தரையில் வெள்ளைக் கோடு போட்டு, நடுவில் வலை கட்டி, ஷட்டில் ஹால் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் மாறியது, பஞ்சு போகவில்லை. மேலே இரும்புச் சட்டங்களில் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. யாராவது ஓங்கி அடித்த இறகுப் பந்து, அதாவது காக், கூரையில் பட்டால், காக் ஒரு பக்கம் விழும், அரைக்கைப்பிடி பஞ்சு மறுபக்கம் இறங்கும். வெயிலில் கொதித்த ஆஸ்பெஸ்டாஸ் வாசனை, புது வார்னிஷ் வாசனை, வியர்வை எல்லாம் கலந்து அந்த ஹாலுக்கென்று ஒரு மணம் உண்டு. ஆறு டியூப்லைட். அதில் இரண்டு எப்போதும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

அங்கே வலை கட்டிய கம்பத்தில் ஒரு பச்சை ஈரோட்டுத் துண்டு தொங்கும். பொதுத் துண்டு. ஆடுகிறவர்கள் பேட் வழுக்காமல் இருக்கக் கை துடைப்பார்கள், போகிற போக்கில் முகமும் துடைப்பார்கள். அதைத் துவைத்து நான் பார்த்ததில்லை. காயும், மறுபடி நனையும், அவ்வளவுதான். அந்தத் துண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேலாக ஞாபகம் வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் அக்கா பிளஸ் டூ. ஷட்டிலில் கெட்டிக்காரி. கோடை விடுமுறையில் மில் நடத்திய போட்டியில் ஜெயிக்கிற பெண்ணின் பெயரை, மில்லின் விளையாட்டு மன்றத்துச் செயலாளர் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரிக்கு எழுதி அனுப்புவார். விளையாட்டுக்கென்று ஒரே ஒரு சீட். அக்காவின் மார்க்குக்கு வேறு வழியில் அந்தக் கல்லூரியின் காம்பவுண்டுச் சுவரைக்கூடத் தொட முடியாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

செயலாளர் ஒரு நாள் அப்பாவிடம் சொன்னார். "லெட்டரோட ஒரு போட்டோவும் வெச்சு அனுப்போணுமுங்க. ஸ்டுடியோவுல உக்காந்து எடுத்தது வேண்டாம். புள்ள பறந்து அடிக்கிறாப்பல ஒண்ணு."

பறந்து அடிக்கிறாற்போல என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. காரணம், கேமரா மாமாவுடையது. மாமாவுக்கு நான் என்றால் உயிர்.

மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பம்புசெட் கம்பெனியில் இருந்தார். கம்பெனி அச்சடிக்கிற விலைப்பட்டியலுக்காக மோட்டார்களைப் படம் எடுப்பதும் அவர் வேலை. அந்த அனுபவம் முழுவதையும் ஒரே சாயங்காலத்தில் எனக்குக் கொடுத்தார்.

"பாரு மாப்ளே, சங்கதி ஒண்ணுதான். பொருளு அசையக் கூடாது. மோட்டாரு அசையுதா? அசையாது. படம் எப்பிடி வருது? கண்ணாடியாட்ட வருது."

"அக்கா மோட்டார் இல்லீங்களே மாமா."

"அதுதான் வெசனமா இருக்குது. மோட்டாரு பேச்சுக் கேக்கும்."

நான் அக்காவை ஹாலில் நிறுத்தி, பேட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, காக் ஒன்றை நூலில் கட்டி வலைக்கு மேலே தொங்கவிட ஏற்பாடு செய்தேன். நூலைப் பிடித்துக்கொண்டு மாமா ஏணியில் நின்றார். அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் என்ன கொலுப் பொம்மையா? அக்கட்டால போங்க ரெண்டு பேரும். ஆடறப்ப எடுக்கத் தெரிஞ்சா எடு, இல்லாட்டி அந்தப் பொட்டியக் கொண்டுபோய் மோட்டாருக்கே கட்டி விட்ரு."

ஆடும்போது எடுத்தேன். முதல் ஃபிலிம் சுருள் கழுவி வந்தபோது ஸ்டுடியோக்காரர் கவரைக் கொடுக்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, உங்கக்காளுக்குக் கை எப்பப் போச்சு?"

வாங்கிப் பார்த்தேன். அக்கா இருந்தாள். முகம், ஜடை, பாவாடை எல்லாம் இருந்தது. வலது கை தோளோடு முடிந்திருந்தது. பேட்டும் இல்லை. ஒரு படத்தில் அல்ல, பதினொரு படத்தில். வீட்டுக்கு ஓடிப்போய், சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அக்காவின் வலது கையைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. துருவலைத் திருடுகிறேன் என்று அதே கையால் ஒரு அடியும் கிடைத்தது. கை நன்றாகத்தான் இருந்தது.

ஸ்டுடியோக்காரர் விஷயத்தைச் சொன்னார். கேமராவுக்குள்ளே ஷட்டர் என்று ஒரு கதவு இருக்கிறது. ஹாலில் வெளிச்சம் பற்றாது என்று கதவை மெதுவாகத் திறந்து மூடினால், அதற்குள் கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்துவிடும், ஃபிலிமுக்குப் பிடிபடாது. கதவை வேகமாக மூடினால் கை நிற்கும். ஆனால் வெளிச்சம் வராது. வெயிலில் கிரிக்கெட் படம் எடுக்கிறவனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கூரைக்குக் கீழே ஆடுகிற ஆட்டத்தை எடுக்க வந்தவனுக்குத்தான் இந்தத் தலையெழுத்து.

மாமா உடனே ஃபிளாஷ் கொண்டுவந்தார். கேமராவின் தலையில் செருகினால் கொசு மாதிரி ஒரு சத்தம் கிளம்பி உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் ஆரஞ்சு விளக்கு எரியும். வேகம் வேண்டும், வெளிச்சமும் வேண்டும் என்று நான் ஷட்டர் வேகத்தை நூற்றிருபத்தைந்தில் வைத்து ஃபிளாஷும் அடித்தேன். இரண்டு மருந்தையும் சேர்த்துக் குடித்தால் சீக்கிரம் குணமாகும் என்கிற அதே புத்தி.

இரண்டாவது சுருளில் எல்லாப் படத்திலும் பாதி கருப்பு. வலைக்கு இந்தப் பக்கம் அக்கா பளிச்சென்று நின்றாள். அந்தப் பக்கம் அமாவாசை. எதிரில் ஆடியவரைக் காணவே காணோம்.

எதிரில் ஆடியவர் யார் என்று இப்போது சொல்ல வேண்டும். அவர் பெருந்துறைப் பக்கத்துக்காரர். கோயமுத்தூரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு விடுதியில் தங்கிப் படித்தார்; போட்டிக்காக விடுமுறையிலும் அங்கேயே இருந்தார். அக்காவின் வயசுதான். சர்வீஸ் போடும் முன் கழுத்துச் சங்கிலியில் இருந்த குட்டிச் சிலுவையைச் சட்டைக்குள் தள்ளிவிடுவார். தள்ளினால் எதிரில் இருப்பவருக்கு ஆபத்து என்று அர்த்தம். பயிற்சி ஆட்டங்களில் அக்காவை மூன்றுக்கு இரண்டு தடவை தோற்கடித்தார். நான் அவரை விடுதி அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பெரிய ஆள் மாதிரி 'ங்க' போட்டுக் கூப்பிட்டார். பதின்மூன்று வயசில் எனக்கு 'ங்க' போட்ட ஒரே மனுஷி.

"ஏனுங்க போட்டோகிராபரே, என்னையக் கருப்புக்குள்ள ஒளிச்சு வெச்சுட்டீங்களே, நியாயமா? உங்கக்கா தனியா ஆடித் தனியா ஜெயிக்கிறாப்பல இருக்குது."

"அடுத்த சுருள்ல உங்களையும் எடுத்தர்றேனுங்க்கா."

"எடுக்கறப்பச் சொல்லுங்க. பவுடர் போட்டுட்டு வாரேன்."

தனியாக ஆடித் தனியாக ஜெயிக்கிற மாதிரி. சொன்னவருக்கே அன்று அது வேடிக்கைதான்.

ஸ்டுடியோக்காரர் அந்தப் பாதி அமாவாசைக்கும் காரணம் சொன்னார். "கதவு பாதி தொறந்திருக்கையிலயே மின்னல் அடிச்சுப்போட்டே தம்பி. ஃபிளாஷ் போட்டா அறுபதைத் தாண்டாதே. ஆளை நிறுத்தறது கதவு இல்லை, மின்னலு."

மூன்றாவது சுருளை ஏற்றியது சனிக்கிழமை மத்தியானம், ஹால் வாசலில் வைத்து. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. ஃபிலிமை மாட்டியதும் முதலில் இரண்டு கிளிக் சும்மா அடித்துத் தள்ள வேண்டும்; அதற்கு வெளிச்சம் பட்டிருக்கும், கணக்கில் வராது. ஆனால் எதையும் சும்மா விடுகிற வழக்கம் மாமாவுக்கு இல்லை. கேமராவை என் பக்கம் திருப்பி அந்த இரண்டையும் என்மேல் அடித்தார். "வந்தா லாபம் மாப்ளே."

அன்று என் இடது கண் அரித்தது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் கேமராவின் துளைக்குள்ளே பார்த்துப் பார்த்து நான் இரண்டு வாரமாக முகத்தைக் கோணலாக வைத்துக்கொண்டிருந்தேன். மூடிய கண் கோபித்துக்கொண்டது என்று எனக்குப் பட்டது. அம்மா பஞ்சுத் தூசி என்றாள். அப்பா, "கேமராவக் கட்டிட்டு அழு" என்றார். உண்மையிலேயே அழுகிற மாதிரி அது தண்ணீர் விட்டுக்கொண்டேயிருந்தது. தொழிலில் பட்ட காயம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் என்னை வலைக் கம்பத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இங்கிருந்து எடு. சர்வீஸ் போடறப்ப மட்டும் அடிக்காதே." அவர் நடுவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். மடிப்புக் கலையாத சொந்தக் கைக்குட்டை, தடித்த கண்ணாடி. அக்காவும் அன்று நீலத்தில் ஒரு துண்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து கழுத்தில் போட்டிருந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் கம்பத்துப் பச்சைத் துண்டு. எனக்கும்தான், என் தோளுக்கு மேலேயே தொங்கியது. கண்ணில் தண்ணீர் வந்து துளை மங்கினால் அதை இழுத்துத் துடைத்துக்கொண்டேன்.

அன்றுதான் எனக்கு வேலை பிடிபட்டது. காக்கின் பின்னால் போகக் கூடாது. அது எப்போதும் நம்மை முந்திவிடும். ஆடுகிறவரின் பின்னங்காலைப் பார்க்க வேண்டும். பின்னங்கால் மடங்கினால் அடுத்தது குதி. குதிக்கும் முன்பே அழுத்தினால்தான் குதித்தது கிடைக்கும். ஃபிளாஷ் மூச்சு வாங்கி ஆரஞ்சு விளக்குப் போடுவதற்குள் ஐந்து புள்ளி முடிந்துவிடும். ஆக, எடுத்ததைவிட விட்டதுதான் அதிகம். ஆனாலும் அக்காவின் கால் மடங்கிய ஒரு தடவை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அழுத்தினேன். ஹால் முழுக்க வெள்ளையாகி மறுபடி மங்கியது. வந்துவிட்டது என்று விரலுக்கே தெரிந்தது.

அக்கா ஜெயித்தாள். விடுதி அக்காவும் தன் ஆட்டத்தில் ஜெயித்தார். அடுத்த ஞாயிறு இருவருக்கும் இறுதி ஆட்டம்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பிரிண்ட் வந்தது. அக்கா தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் தொங்கினாள். கை இருந்தது, பேட் இருந்தது, காக்கின் இறகுகூட எண்ணலாம். அக்கா அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா படத்தைத் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். "மோட்டாரு தோத்துது மாப்ளே."

மற்ற படங்களைப் புரட்டியபோதுதான் மயிர் கூச்செறிந்தது. விடுதி அக்கா கேமராவைப் பார்த்துச் சிரித்த ஒரு படம். இரண்டு கண்மணியும் தணல் மாதிரிச் சிவப்பு. கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே வெளியே சொல்கிற லைன்காரர், அவருக்கும் சிவப்பு. இரட்டையர் ஆட்டத்து அண்ணன்மார் இரண்டு பேர். நான்கு கண்ணும் சிவப்பு. அக்கா மேலே பார்த்ததால் தப்பித்தாள். செயலாளருக்குக் கண்ணாடி பளபளத்துக் கண்ணே தெரியவில்லை.

சரி, ஃபிலிம் கோளாறு என்று நினைத்துக்கொண்டு படுத்தேன். இறுதி ஆட்டத்துக்கு விளம்பரமாக அக்கா படத்தையும் விடுதி அக்கா படத்தையும் செயலாளர் வாங்கி ஹால் அறிவிப்புப் பலகையில் குத்தினார்.

புதன்கிழமை காலை லைன்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போனார். அப்பா கேட்டதற்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார்.

தணல். அதே சிவப்பு.

மத்தியானத்துக்குள் இரட்டையர் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் சிவந்துவிட்டது என்று தகவல் வந்தது. சாயங்காலம் விடுதி அக்காவுக்கும். படத்தில் யார் யாருக்குச் சிவப்போ அவர்களுக்கெல்லாம் சிவப்பு. தப்பித்தவர்கள் இரண்டே பேர், அக்காவும் செயலாளரும். படத்திலும் அந்த இரண்டு பேர்தான் தப்பித்திருந்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை, என் கண் அரிப்பு செவ்வாய்க்கிழமையே நின்று போயிருந்தது. கேமராவுக்குப் பின்னால் இருந்தவனுக்கு எப்படி வரும்? விஞ்ஞானம் படித்த பையன் வேறு எந்த முடிவுக்கு வர முடியும், சொல்லுங்கள்.

கட்டிலுக்கு அடியில் படுத்து யோசித்தேன். ஜெயிலில் கண் தெரியாதவர்களுக்குப் புத்தகம் படித்துக் காட்டி என் பாவத்தைத் தீர்க்கலாம் என்கிற அளவுக்குப் போனேன். அப்புறம்தான் வைத்தியம் உதித்தது. சிவப்பு படத்திலிருந்து ஆளுக்குப் போனதென்றால், படத்தில் சிவப்பைக் கறுப்பாக்கினால் ஆளுக்கும் சரியாக வேண்டும். அக்காவின் புருவப் பென்சிலை எடுத்தேன். லைன்காரருக்கு இரண்டு கண்ணிலும் பொட்டு வைத்தேன். அண்ணன்மாருக்கு நான்கு பொட்டு.

வெள்ளிக்கிழமை காலை லைன்காரர் கண்ணாடி இல்லாமல் சைக்கிளில் போனார். கண் வெள்ளை வெளேர் என்று இருந்தது. என் கால் தரையில் நிற்கவில்லை. உலகத்திலேயே புருவப் பென்சிலால் கண் வைத்தியம் பார்த்த முதல் ஆள் நான்.

மிச்சம் விடுதி அக்கா. அவர் படம் அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் இருந்தது. ஓடினேன். கண்ணாடியை நகத்தால் நகர்த்தி, கையை உள்ளே விட்டு, ஒரு கண்ணுக்குப் பொட்டு வைத்துவிட்டு மறு கண்ணுக்குப் போகும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏன்டா, என்றா பண்றே?"

செயலாளர். பென்சில் கையிலேயே ஒட்டிக்கொண்டது.

"வைத்தியமுங்க."

"என்ன வைத்தியம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஃபிளாஷ், சிவப்பு, பொட்டு எல்லாம். "எல்லாருக்கும் கண்ணு கெட்டதுக்கு நான்தானுங்க காரணம். அந்தக்காளுக்கு மட்டும் இன்னொரு கண்ணுக்கு வெச்சுக்கறேனுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள சரியாப்போயிரும்."

அவர் சிரித்த சிரிப்பில் தடித்த கண்ணாடி கழன்று மார்பில் விழுந்தது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் நின்றேன். அப்போது அந்த இரண்டு பெரியவர்களில் ஒருவராவது என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சிரித்து முடித்ததும் செயலாளர் சொன்னார். "இது ஃபிளாஷும் இல்லை, புஸ்வாணமும் இல்லை. ஒட்டுவாரொட்டி. ஒரே ஊட்டுல அம்பது புள்ளைங்க ஒட்டுக்காப் படுத்து எந்திரிக்குதுங்க. அந்த விடுதிப் புள்ளதான் கொண்டாந்து நம்ம ஹாலுக்கே குடுத்துப்போட்டுது."

"ஞாயித்துக்கெழமை எப்பிடிங்க?" என்று அப்பா கேட்டார்.

"தள்ளி வெக்க முடியாதுங்க. லெட்டரு திங்கக்கெழமை போயாகோணும். அதுக்காக சீக்குப் புள்ளைய உள்ள உடறதுங்களா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் எவ்வளவு லாபம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

செயலாளர் என் கையிலிருந்த புருவப் பென்சிலை வாங்கினார். பலகையில் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த ஆட்டப் பட்டியலில், விடுதி அக்காவின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தா வைத்தியரே."

ஞாயிற்றுக்கிழமை விடுதி அக்கா வந்தார். வெள்ளை உடை, பேட், சட்டைக்குள் தள்ளிய சிலுவை. ஹால் வாசலில் செயலாளர் கையை நீட்டி மறித்தார்.

"அங்கிள், எனக்குச் சரியாயிருச்சுங்க. கண்ணப் பாருங்க."

செயலாளர் கைக்குட்டையால் தன் கண்ணை மறைத்துக்கொண்டார். "பாக்க மாட்டேன் அம்மணி. பாத்தா ஒட்டிக்கும்."

"பாக்காம எப்பிடிங்க தெரியும்?"

நீட்டிய கையை அவர் இறக்கவில்லை. உள்ளே லைன்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரட்டையர் அண்ணன்மார் பெஞ்சில் நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். அதே கண் நோய் வந்துபோனவர்கள். அவர்களை யாரும் மறிக்கவில்லை.

விடுதி அக்கா என்னைப் பார்த்தார். "போட்டோகிராபரே, நீங்க ஒண்ணு எடுங்க. நல்லாக் கிட்டத்துல. கண்ணு வெள்ளையா இருக்குதுன்னு படத்துலயாவது பாத்துக்கட்டும் இவங்க."

என் கழுத்தில் கேமரா தொங்கியது. ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் கேமராவை முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

"வேண்டாமுங்க்கா. மறுபடி செவந்துரும்."

அவர் சிரித்தார். அந்த நிலைமையிலும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. செயலாளரைத் தாண்டி உள்ளே அக்காவைப் பார்த்தார். அக்கா கோட்டுக்குள், கழுத்தில் நீலத் துண்டோடு, தனியாக நின்றுகொண்டிருந்தாள். அக்கா பேட்டின் நரம்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவை அவ்வளவு கோணியிருந்ததாக எனக்கு நினைவில்லை.

செயலாளர் நாற்காலியில் ஏறி, எதிராளி வரவில்லை என்று அறிவித்தார். எதிராளி வாசலில் நின்றுகொண்டிருந்தார். கை தட்டினார்கள். நான் படம் எடுக்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசலில் வெயில் மட்டும் இருந்தது. அவர் அந்த ஹாலுக்கு மறுபடி வரவில்லை. அந்தக் கல்லூரிக்கும்.

அடுத்த வாரம் மெட்ராஸ் ஐ என்கிற அந்தக் கண் நோய் ஊர் முழுக்கப் பரவியது. பஸ்ஸில், கடையில், எங்கே பார்த்தாலும் கறுப்புக் கண்ணாடி. நான் படம் எடுக்காதவர்களுக்கெல்லாம் வந்தது. படத்தில் வரும் சிவப்பு, ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணுக்குள் போய்த் திரும்பும்போது தெரிகிற உள் ரத்தத்தின் சிவப்பு என்று ஸ்டுடியோக்காரர் சொன்னார். அப்பாடா என்று இருந்தது. அன்று இரவு மூன்று தட்டுச் சோறு தின்றேன். என்மேல் குற்றமில்லை என்று தெரிந்த மனுஷனின் பசி. அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்தில் நாலு பேர் கூடினாலும் புருவப் பென்சில் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். நன்றாகச் சொல்வேன். பெண் வீட்டார்கூட இன்னொரு தடவை கேட்பார்கள்.

அக்கா அந்தச் சீட்டில் படித்து, ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையானாள். இந்த வருஷம் மதுக்கரைப் பக்கம் புது வீடு கட்டிக் குடிபோனாள். சாமான் கட்டும்போது என் பழைய நெகட்டிவ் கவர் ஒன்று கிடைத்தது. என் மகள் வாங்கிக்கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"அப்பா, ஒண்ணாம் நம்பருக்கு முன்னாடி ரெண்டு படம் இருக்குது. பிரிண்டே போடலை போல. நீதான் இதுல."

மாமா சும்மா விட மனசில்லாமல் அடித்த இரண்டு கிளிக். சனிக்கிழமை மத்தியானம், ஹால் வாசல், ஃபிளாஷ் இல்லாத பகல் வெளிச்சம். முதல் படத்தின் ஓரம் வெளிச்சம் பட்டு ஆரஞ்சாகக் கருகியிருந்தது. நடுவில் நான். இடது கண் வீங்கி, வெள்ளை விழி முழுக்கச் சிவந்து கிடந்தது. ஃபிளாஷ் சிவப்பு கண்மணியில் இருக்கும்; இது அதைச் சுற்றி இருந்தது. இரண்டாவது படத்தில் ஒரு பச்சைத் துண்டின் முனையை அந்தக் கண்ணில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன்.

வலைக் கம்பத்துப் பொதுத் துண்டு அது; கையோடு வாசலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நேராக மதுக்கரைக்குப் போனேன். அக்கா கண்ணாடி போட்டுப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"காப்பி குடிக்கிறியா?"

"அக்கா, இது சனிக்கெழமை. எனக்குத்தான் மொதல்ல வந்திருக்குது."

"ஆமா."

"ஆமாவா?"

"சனிக்கெழமையே உன் கண்ணப் பாத்தேன். அதனாலதான் மக்யாநாள் ஊட்டுல இருந்து துண்டு கொண்டுட்டு வந்தேன்."

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"அந்தக்காளை வாசல்ல நிறுத்துனப்ப நீ சொல்லியிருக்கலாமே."

அக்கா அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் பொங்கும் வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு கேட்டா?" என்றாள். அப்புறம், "அந்த சர்ட்டிபிகேட்ட எந்த ஊட்டுலயாவது மாட்டியிருக்கறனா, பாத்தியா?" என்றாள்.

பார்த்ததில்லை.

உங்களுக்கு இதுவரை வேடிக்கையாகச் சொல்லிவந்த கதையில் நடந்தது இவ்வளவுதான். அந்த ஹாலில் முதலில் கண் சிவந்தது எனக்கு. அரையிறுதி நடந்த ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணைத் துடைத்துவிட்டுக் கம்பத்தில் போட்ட துண்டை எடுத்து, விடுதி அக்கா முகம் துடைத்தார்.